வட ரோன் சிராவும் பரோசா ஷிராஸும்: பக்கத்தில் வைத்து ருசித்துப் பிரித்தறிவது எப்படி

சிரா, ஷிராஸ் இரண்டும் ஒரே திராட்சையின் பெயர்கள். பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் அது சிரா. கப்பலேறி ஆஸ்திரேலியா போனதும் ஷிராஸ் ஆகிவிட்டது. கொடி ஒன்றுதான் என்றாலும் வட ரோனின் கோர்னாஸ் ஊரில் விளைந்ததையும் ஆஸ்திரேலியாவின் பரோசாவில் விளைந்ததையும் அடுத்தடுத்து வாயில் வைத்தால், இரண்டும் ஒரே பழத்தின் சாறு என்று நம்புவது கஷ்டம். கனமான சிவப்பு ஒயின்களைப் படிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. திராட்சை மாறவில்லை, ஆகவே கிளாஸில் தெரியும் வித்தியாசம் எல்லாம் ஊரிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது செய்தவரின் கையிலிருந்து வந்திருக்க வேண்டும். ஊர் என்றால் வெயில், மண், காற்று, மழை. கை என்றால் காம்போடு நொதிக்க விட்டாரா, எந்த மரப் பீப்பாயில் எத்தனை மாதம் வைத்தார் என்பவை. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நாக்கையும் மூக்கையும் பழக்குவதற்கான வழிமுறை இது. "எது உசத்தி" என்று தொடங்கினால் ஒன்றுமே கற்க முடியாது.

முதலில் இரண்டு ஊர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

வட ரோன் என்பது வியன் நகருக்கும் வாலான்ஸ் நகருக்கும் நடுவே ஆற்றை ஒட்டி எழும் செங்குத்துச் சரிவுகள். பெரும்பகுதி கருங்கல் மண். அங்குள்ள கோத் ரோத்தி என்ற பகுதியில் மட்டும் தகடு தகடாக உடையும் பாறை. ஏறத்தாழ 45 டிகிரி வட அட்சரேகை. வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் காற்று வீசும். பல சரிவுகளில் டிராக்டர் ஏற முடியாது. கல்லடுக்கிப் படிக்கட்டு மாதிரி மேடை கட்டி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கொம்பு நட்டு, கையால் பறிக்கிறார்கள். புகழ்பெற்ற எர்மிட்டாஜ் குன்று மொத்தமே சுமார் 140 ஹெக்டேர்தான். சிராவுக்கு அந்தப் பகுதி குளிரின் விளிம்பு. பழம் பழுத்துவிடும், ஆனால் சிரமப்பட்டுப் பழுக்கும்.

பரோசா தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம். 34 டிகிரியைத் தாண்டிய தென் அட்சரேகை, வறண்ட கோடை, களிமண்ணுக்கு மேல் செம்பழுப்பு மண், பெரும்பாலும் மட்டமான பள்ளத்தாக்கு. 1842 முதல் சைலீசியாவிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மன் மொழி பேசும் லூத்தரன் மக்கள்தான் இங்கே கொடியை வேரூன்ற வைத்தவர்கள். ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவேயில்லை. பிரான்சில் கொடிகளை அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுப்போட்டு வளர்க்கிறார்கள். பரோசாவிலோ 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் சொந்த வேரில் இன்றும் காய்க்கின்றன. 1980-களில் விலை சரிந்தபோது மாநில அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. அந்தச் சமயத்தில் நூறு வயதுக் கொடிகளும் போயின என்பது இந்த ஒயினை நேசிக்கும் எவருக்கும் வயிறெரியும் விஷயம். இப்போது மிஞ்சியவற்றுக்கு 2009 முதல் ஒரு வயதுப் பட்டியல் இருக்கிறது: 35, 70, 100, 125 ஆண்டு என்று நான்கு படிகள்.

ஷிராஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஈரானிய நகரிலிருந்து கொடி வந்தது என்று சொல்பவர்கள் நிறைய. 1998-இல் நடந்த மரபணு ஆய்வு அதை முடித்துவைத்தது. துரேசா, மோண்டூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு தென்கிழக்கு பிரெஞ்சுத் திராட்சைகளின் பிள்ளைதான் சிரா. ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவில் சேகரித்த கொடித்துண்டுகளோடு 1832-இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. ஆஸ்திரேலியர்கள் நீண்ட காலம் ஷிராஸை எர்மிட்டாஜ் என்றே அழைத்தார்கள். பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஷிராஸ் ஒயினான கிரேஞ்சின் லேபிளில் 1989 அறுவடை வரை அந்தச் சொல் இருந்தது.

பாட்டில் தேர்வு: பாதி வேலை இங்கேயே

தவறுகளில் பெரும்பாலானவை கடையிலேயே நடந்துவிடுகின்றன. பிரெஞ்சு லேபிளில் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சைப் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஊரைப் படிக்கத் தெரிய வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு முதல் தேர்வு கோர்னாஸ். சட்டப்படி அதில் சிரா மட்டுமே இருக்க வேண்டும். எர்மிட்டாஜில் 15% வரை வெள்ளைத் திராட்சை சேர்க்கலாம். கோத் ரோத்தியில் 20% வரை வியோன்யே என்ற வெள்ளைத் திராட்சை சேர்த்து ஒன்றாகவே நொதிக்க விடலாம். நடைமுறையில் பலர் அவ்வளவு சேர்ப்பதில்லை என்றாலும், ஒப்பீட்டுக்குக் கலப்பில்லாத ஒன்றை எடுப்பதே நல்லது. கோர்னாஸ் விலை கட்டுப்படியாகாவிட்டால் சான் ஜோசெஃப் எடுங்கள். அதற்கும் கீழே குரோஸ்-எர்மிட்டாஜ் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி சமதளத்தில் விளைவது, பல பாட்டில்கள் இலகுவாக இருக்கும். பரோசாவின் பக்கத்தில் வைத்தால் சோனியாகத் தெரிந்து, ஒப்பீடு முதல் வாயிலேயே முடிந்துபோகும்.

"கோத் து ரோன்" என்று மட்டும் எழுதிய பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். ரோன் என்ற பெயர் இருப்பதால் இதை வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். அது பெரும்பாலும் தென் ரோனின் கிரனாஷ் கலவை. நீங்கள் ஒப்பிடுவது வேறு திராட்சையாகிவிடும். ஷாத்தோநெஃப்-து-பாப் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அதுவும் தெற்குதான். "பெத்தீட் சிரா" என்று வருவது சிராவுக்குப் பிறந்த வேறொரு திராட்சை, தூரிஃப் என்பது அதன் இன்னொரு பெயர்.

ஆஸ்திரேலிய லேபிள் எளிது, ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. "பரோசா வேலி" என்றால் கீழே உள்ள வெப்பமான பள்ளத்தாக்கு. வெறும் "பரோசா" என்றால் மேலே உள்ள குளிர்ச்சியான ஈடன் வேலியின் பழமும் கலந்திருக்கலாம். "சவுத் ஆஸ்திரேலியா" என்றால் மாநிலம் முழுவதிலிருந்தும் வரலாம்; "சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா" என்றால் பல மாநிலங்கள். ஊர், திராட்சை, ஆண்டு மூன்றுக்குமே 85% இருந்தால் போதும் என்பது அங்கே விதி. நமக்கு வேண்டியது "பரோசா வேலி ஷிராஸ்". பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் கைக்குக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு ஒத்துவராது. அது பல பகுதிப் பழங்களைச் சேர்த்துச் செய்வது, ஓர் ஊரைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஷிராஸ்-வியோன்யே, ஷிராஸ்-கேபர்னே, கிரனாஷ் கலந்தது, இவற்றையும் விடுங்கள். பரோசா பாட்டிலிலேயே "சிரா" என்று போட்டிருந்தால், செய்தவர் பிரெஞ்சுப் பாணியை நோக்கிப் போகிறார் என்று அர்த்தம். இரண்டாவது முறைக்கு அருமையான பாட்டில். முதல் முறைக்கு வேண்டாம்.

பின்லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். ரோனில் 13 முதல் 13.5%, பரோசாவில் 14.5 முதல் 15% இருந்தால் சரியான ஜோடி. ரோன் பாட்டிலில் 14.5 என்று இருந்தால் அது வெயில் ஆண்டு. 2003, 2015 போன்ற ஆண்டுகளில் ரோன் பாதி தூரம் பரோசா பக்கம் வந்துவிட்டது. பரோசாவிலோ 2011 குளிரும் மழையுமாகப் போன ஆண்டு, வழக்கமான முகம் தெரியாது.

விலையைவிட வயதைப் பொருத்துவது முக்கியம். இளம் கோர்னாஸ் வாயை இறுக்கிப் பிடிக்கும், எதையும் சொல்லாது. 5 முதல் 8 வயதான பாட்டில் கிடைத்தால் எடுங்கள், பரோசாவையும் அதே வயதில் எடுங்கள். ஒரே ஆண்டு என்றாலும் வயது ஒன்றல்ல. பரோசாவில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ரோனில் பொதுவாகச் செப்டம்பரில். லேபிளில் ஒரே எண் இருந்தாலும் பரோசா அரை வருடம் மூத்தது.

முடிந்தால் கார்க் போட்ட ரோன் பாட்டிலில் இரண்டு வாங்குங்கள். ஒன்று கெட்டிருந்தால் மாலையே வீணாகாமல் இருக்கும்.

அளவும் கிளாஸும்

ஒரு பாட்டில் 750 மில்லி. 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கு ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லி, ஆக 300. கண்கட்டுச் சுற்றுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 225. மீதி 225-இல் நூறு மில்லியை அடுத்த நாளுக்கு ஒதுக்குங்கள். அதன் காரணம் கடைசியில். மிச்சம் சாப்பாட்டோடு. 6 பேருக்கு மேல் கூப்பிட்டால் இந்தக் கணக்கு உடையும்.

கிளாஸ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் எல்லாம் ஒரே வடிவில் இருக்க வேண்டும். வாய் குறுகி வயிறு அகன்றதாக, 215 மில்லி கொள்ளும் சர்வதேச ருசிப்புக் கிளாஸ் போதும். 50 மில்லி ஊற்றினால் சுழற்ற இடமிருக்கும். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரப்பலகை வாசனை ஒட்டியிருக்கும், சோப்பு நெடி அதைவிட மோசம். வெந்நீரில் அலசி, ஒவ்வொரு கிளாஸிலும் அதே ஒயினைத் தேக்கரண்டி அளவு ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்புங்கள். துப்புவதற்கு ஆளுக்கொரு குவளை கட்டாயம். 15% ஷிராஸை முழுக்க விழுங்கிக்கொண்டே போனால், மூன்றாவது கிளாஸில் மூக்கு மழுங்கிவிடும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், ஆகவே அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

வெப்பநிலை

எல்லாவற்றிலும் முக்கியமானதாக ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு குளிர்நாட்டு வீடுகளில் பிறந்தது. 30 டிகிரி அறையில் பரோசா ஷிராஸை ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழம், மரம் எதுவும் தெரியாது, "ஆஸ்திரேலிய ஒயின் எரிகிறது" என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மறுபக்கம், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே ரோனை ஊற்றினால் துவர்ப்பு கத்திபோல நிற்கும், மணம் எழாது. ஒன்றை வெப்பம் கெடுக்கிறது, மற்றொன்றைக் குளிர் கெடுக்கிறது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இல்லையென்றால் நீங்கள் ஒப்பிடுவது ஊரை அல்ல, ஃபிரிட்ஜை.

கிளாஸில் 16 முதல் 18 டிகிரி வேண்டும். சூடான ஊரில் ஊற்றிய பிறகு ஏறிவிடும் என்பதால் 15-இல் ஊற்றுங்கள். 30 டிகிரியில் இருக்கும் பாட்டிலுக்கு ஃபிரிட்ஜில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் கழுத்துவரை மூழ்க வைத்தால் 15 நிமிடத்துக்குள் வந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலோடு சரியாக ஒட்டாது, நேரம் இரட்டிப்பாகும். சமையலறைத் தெர்மாமீட்டரை ஊற்றிய ஒயினில் வைத்துப் பாருங்கள். கையால் தொட்டுச் சொல்வது நம்பகமில்லை.

திறந்து மூச்சு விடுதல்

5 வயதுக்குட்பட்ட கோர்னாஸை அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி 2 மணி நேரம் விடுங்கள். பரோசாவுக்கு அரை மணி முதல் ஒரு மணி போதும். 15 வயதுக்கு மேலான பாட்டிலில் இதெல்லாம் கூடாது. முந்தின நாளே நிமிர்த்தி வைத்து வண்டலைக் கீழே இறக்கி, குடிக்கும் நேரத்தில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஊற்றிவிட்டு ஜாடியில் காத்திருக்கும் ஒயினும் சூடாகும் என்பதை மறக்க வேண்டாம். ஜாடியையே குளிர்ந்த நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவது நல்ல பழக்கம்.

மூக்கு

ரோனை முதலில் எடுங்கள். பரோசாவில் தொடங்கினால் அதன் இனிப்பும் கனமும் நாக்கில் தங்கி, பின்னால் வரும் ரோனை மெலிந்ததாகவும் புளித்ததாகவும் காட்டிவிடும்.

சுழற்றாமல் ஒருமுறை மோந்து பாருங்கள், பிறகு சுழற்றி ஒருமுறை. நீண்ட மூச்சு வேண்டாம், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று போதும். மூக்கு சீக்கிரம் அலுத்துவிடும். இடையில் உங்கள் சட்டைக் கையை மோந்துகொண்டால் மூக்கு பழைய நிலைக்கு வரும்.

ஒயின் புத்தகங்களில் வரும் பழப் பெயர்கள் பலவும் நமக்கு அன்னியம். அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. நம் அஞ்சறைப் பெட்டி இந்தத் திராட்சைக்கு நன்றாகவே உதவும். சிராவின் முத்திரை மிளகு. அது உவமை மாதிரித் தோன்றினாலும் உவமை இல்லை. மிளகுக்கு மிளகு வாசனை தரும் ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் இந்தத் திராட்சையின் தோலில் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதை நிறுவினார்கள். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். குளிர்ந்த இடத்தில், குளிர்ந்த ஆண்டில் அது கூடும். வெயில் ஏற ஏறக் குறையும். ஆகவே ரோன் கிளாஸில் இப்போதுதான் இடித்த மிளகு எழும்புவதும், பரோசாவில் அது அடியில் எங்கோ ஒளிந்திருப்பதும் ஊரின் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐந்தில் ஒருவர் அளவுக்கு இந்தச் சேர்மத்தை மோப்பம் பிடிக்கவே முடியாதவர்கள் என்று அதே ஆய்வு காட்டியது. மிளகில் வேறு மணப்பொருட்களும் இருப்பதால், ரசத்து மிளகு வாசனை நன்றாகத் தெரிகிறதே என்று அவர் சொல்லலாம். ஒயினில் மட்டும் தெரியாது. மேசையில் ஒருவர் "எனக்கு மிளகே வரவில்லை" என்றால் அவரோடு வாதாடாதீர்கள். அவருக்கு அந்த ஒயின் உண்மையிலேயே வேறு ஒயின்.

அடுத்து அதிமதுரம், கரும் ஆலிவ், புகைபோட்ட இறைச்சி, ஊதாப்பூ. இவை ரோன் பக்கம் அதிகம். அதிமதுரம் இரண்டிலும் வரும், பரோசாவில் இன்னும் இனிப்பாக. பரோசாவில் முன்னால் நிற்பது காய்ச்சிய கரும்பழ ஜாம், சாக்லேட். சில பாட்டில்களில் தலைவலித் தைலத்தைத் திறந்த மாதிரி ஒரு குளிர்ந்த நெடி வரும். தோட்டத்தை ஒட்டி நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் இலையும் எண்ணெயும் பழத்தோடு தொட்டியில் போவதால் வருவது அது. நீலகிரித் தைலத்தில் இருப்பதும் அதே பொருள்தான்.

இனி கையின் வாசனைகள். பரோசாவின் பழைய வழக்கம் அமெரிக்க ஓக் பீப்பாய். அதில் ஊறிய ஒயினில் வறுத்த தேங்காய்த் துருவலும் வெனிலாவும் வரும். தேங்காய் வாசனையைத் தெரிந்தவர்களுக்கு இது தப்பவே தப்பாது. இப்போது அங்கே பலரும் பிரெஞ்சு ஓக்குக்கு மாறிவிட்டார்கள். அதில் தேங்காய் குறையும், கிராம்பு கூடும். ஆகவே தேங்காய் இல்லை என்பதால் பரோசா இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ரோனில் பெரும்பாலும் பழைய, பெரிய பீப்பாய். மர வாசனை அடங்கியிருக்கும். அங்கேயும் விதிவிலக்கு உண்டு: கிகால் நிறுவனத்தின் லா மூலீன், லா லாண்டோன், லா துர்க் மூன்றும் புது ஓக்கில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருப்பவை. காம்போடு முழுக்குலையாக நொதிக்க விட்ட ஒயினில் தேயிலைத் தூள், காய்ந்த இலை, லேசான பச்சை வாசனை வரும். ரோனில் இது பழைய பழக்கம், பரோசாவில் இளைய தலைமுறை செய்துபார்க்கிறது.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "ஊர்", வலப்பக்கம் "கை" என்று எழுதுங்கள். மிளகு, பழத்தின் முதிர்ச்சி, ஆல்கஹால், தைலம் இடப்பக்கம். தேங்காய், வெனிலா, கிராம்பு, தேயிலை வலப்பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாததைக் கோட்டின் மேலேயே எழுதுங்கள்; அடுத்த ஜோடியில் தெளியும்.

வாய்

ஒரு மிடறு, சுமார் 10 மில்லி. பல்லிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பத்து நொடி வாயில் சுழற்றித் துப்புங்கள்.

துவர்ப்பை முதலில் கவனியுங்கள். நாவற்பழம் தின்றபின் நாக்கும் ஈறும் இழுத்துக்கொள்ளுமே, அதேதான் டானின். எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். கோர்னாஸ் மேல் ஈறில், உதட்டின் உள்பக்கத்தில் பிடிக்கும், உமிழ்நீர் வற்றும். பரோசாவில் டானின் அளவு குறைவென்று சொல்ல முடியாது. நன்கு பழுத்த தோலிலிருந்து வந்ததாலும் ஆல்கஹாலின் வழுவழுப்பு மேலே பூசியிருப்பதாலும் நாக்கு முழுக்கப் பரவி வெல்வெட் மாதிரித் தெரியும்.

பிறகு இனிப்பு. பரோசாவில் முதல் நொடியிலேயே இனிப்பு வரும். அது பெரும்பாலும் சர்க்கரை இல்லை. பழுத்த பழமும் 15% ஆல்கஹாலும் ஓக்கும் சேர்ந்து நாக்குக்குக் காட்டும் இனிப்பு. துப்பிய பின் அது நிற்காமல் மறைந்தால் சர்க்கரை இல்லை. உதட்டில் பிசுபிசுப்பு ஒட்டியிருந்தால் கொஞ்சம் மீந்திருக்கிறது.

புளிப்பு விஷயம் சுவையானது. வெயில் ஊரில் பழம் பழுக்கும்போது அமிலம் இறங்கிவிடும் என்பதால் பரோசாவில் நொதிக்கும்போது டார்டாரிக் அமிலம் சேர்ப்பது சாதாரண வழக்கம். நம் புளியில் இருப்பதும் திராட்சையில் இயல்பாகவே இருப்பதும் அதே அமிலம். நிதானமாகச் சேர்த்திருந்தால் தெரியாது. கை மிஞ்சினால், பழம் ஒரு பக்கமும் புளிப்பு இன்னொரு பக்கமுமாக, கடைசியில் நாக்கின் ஓரத்தில் தனிக்கோடாக நிற்கும். ரோனில் புளிப்பு பழத்தோடு பின்னியபடி வரும்.

துப்பியபின் மனதுக்குள் எண்ணுங்கள். எத்தனை நொடி சுவை நிற்கிறது, கடைசியில் மிஞ்சுவது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரோனில் மிளகும் உப்புக்கரிப்பும் மிஞ்சும். பரோசாவில் சாக்லேட்டும் தொண்டையில் இறங்கும் சூடும்.

கண்கட்டுச் சுற்று

பெயர் தெரிந்து ருசிப்பதில் பாதி நம் முன்முடிவு. ஆகவே மூன்று கிளாஸ் முறையைச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கிளாஸில் 25 மில்லி வீதம்: இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் மற்றது. 3 பேருக்கு ரோன் இரண்டு, மற்ற 3 பேருக்கு பரோசா இரண்டு. ஊற்றுபவர் வேறு அறையில் ஊற்றிக் கொண்டுவர வேண்டும். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றினாலும் பயனில்லை. ஆஸ்திரேலியப் பாட்டிலின் திருகுமூடிக் கழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

"எது வேறு?" என்பதை முதலில் எழுத வேண்டும், "எது எந்த ஊர்?" என்பதை அப்புறம். நிறத்தை நம்பினால் எளிதாக முடிந்துவிடும் என்பதால் விளக்கைக் குறைத்து, கண்ணை மூடி ஒருமுறை செய்யுங்கள். குருட்டு அதிர்ஷ்டத்தில் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லலாம். ஆகவே ஒரே ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

ஊர் என்று நினைத்து ஏமாறும் குறைகள்

ஈர அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த நிலவறை வாசனை வந்து பழம் அமுங்கியிருந்தால் கார்க் கெட்டுவிட்டது. காற்றில் வைத்தால் இன்னும் மோசமாகும். இரண்டாவது பாட்டிலைத் திறங்கள்.

ரப்பர், அவித்த முட்டை, எரிந்த தீக்குச்சி வாசனை வந்தால் காற்றுப்படாமல் மூச்சடைத்திருக்கிறது. சிரா இதற்கு எளிதில் ஆளாகும் திராட்சை. ஜாடிக்கு மாற்றி நன்றாகச் சுழற்றுங்கள். போகவில்லையென்றால் ஒரு கிளாஸில் மட்டும் சுத்தமான செம்புக் கம்பியை அரை நிமிடம் கலக்கி மோந்து பாருங்கள். வாசனை மறைந்தால் காரணம் உறுதி. அந்தக் கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டின் வேலை. பழைய பாணி ரோன் நிலவறைகளில் இதைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் "இதுதான் ரோனின் மண் வாசனை" என்று சிலர் புகழ்வதுண்டு. மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துளி அளவில் புகைக்கறியோடு சேர்ந்து சிலருக்குப் பிடிக்கும். கூடினால் எந்த ஊர் ஒயினும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

வெப்ப ஊர்களில் அதிகம் நடப்பது வேறொன்று. கடையிலோ போக்குவரத்திலோ வெந்துபோன பாட்டில். கார்க் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கும், பக்கவாட்டில் ஒயின் வழிந்த கறை தெரியும். உள்ளே வேகவைத்த பழ வாசனை வரும், புத்துணர்ச்சி இருக்காது. இப்படி வெந்த கோர்னாஸை ருசிப்பவர் "வெயில் ஆண்டு, பரோசா மாதிரியே இருக்கிறது" என்று எழுதிவிடுவார். பரோசாவின் ஜாம் வாசனைக்குக் கீழே ஓர் உயிரோட்டம் இருக்கும். வெந்ததில் அது செத்திருக்கும். வாங்கும்போதே கார்க்கின் தலையைத் தடவிப் பாருங்கள்.

சாப்பாடு

ருசிக்கும்போது வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். எல்லாம் முடிந்தபின் ஆட்டுக்கறி நல்ல துணை. இங்கே காரத்தின் வகை முக்கியம். மிளகாய்க் காரமும் 15% ஆல்கஹாலும் சேர்ந்தால் வாயில் எரிச்சல் ஒன்றுக்கு இரண்டாகும். மிளகாய் தூக்கலான சுக்காவோடு பரோசா வேண்டாம். மிளகு போட்டு, மிளகாய் குறைத்து வறுத்த கறி ரோனுக்கு அழகாகப் பொருந்தும். உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். பரோசாவுக்கு நெருப்பில் வாட்டி, வெளியே கருகிய கொழுப்புள்ள இறைச்சி நல்லது.

அடுத்த நாள்

ஒதுக்கிய நூறு மில்லியைச் சிறிய சுத்தமான பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பாமல், பாதிக் காற்றோடு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து, 16 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்து, அதே வரிசையில் ஊற்றுங்கள். இறுக்கமாக இருந்த கோர்னாஸ் பெரும்பாலும் இளகி, முதல் நாள் தெரியாத பூவாசனை மேலே வரும். பரோசாவில் பழத்தின் முதல் பொலிவு அடங்கி, மரம் எவ்வளவு, பழம் எவ்வளவு என்பது தனித்தனியாகத் தெரியும்; தேங்காயும் வெனிலாவும் மட்டும் மிஞ்சியிருந்தால் அங்கே கை ஓங்கியிருக்கிறது. முதல் நாள் தாளில் கோட்டின் மேல் எழுதி வைத்தவற்றை இப்போது எடுத்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்துங்கள்.